ஐந்து இலைக் கழிவறை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருந்த ராஜமாணிக்கத்தின் தையல் கம்பெனியில், நாட்டிலேயே சுத்தமான பெண்கள் கழிவறை இருந்தது. இது கம்பெனிக்காரர்கள் அடித்துவிட்ட கதை இல்லை. பசுந்தளிர் நெறிமுறை மதிப்பீட்டு மையம் என்று சென்னையில் ஒரு நிறுவனம். அவர்கள் ஆளனுப்பி, பார்த்து, முகர்ந்து, டைல்ஸில் வெள்ளைக் கைக்குட்டையைத் தேய்த்துப் பரிசோதித்து, முத்திரை குத்திக் கொடுத்த சான்றிதழ் அப்படிச் சொன்னது. அதை பிரேம் போட்டுத் தையல் ஹாலின் சுவரில் மாட்டியிருந்தார்கள். அதற்கு நேர் கீழே உட்கார்ந்து, துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த அமராவதிக்கு, காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை, ஒன்றுக்குப் போக இடம் கிடையாது.

இந்த விவகாரம் 2008 தை மாதத்தில் தொடங்கியது. அதுவரை உள்ளூர்க் கடைகளுக்கு நைட்டியும் பாவாடையும் தைத்துக்கொண்டிருந்த கம்பெனிக்கு, ஐரோப்பாவில் நூற்றுச் சொச்சம் கடை வைத்திருக்கும் ஒரு பிராண்டு டி-ஷர்ட் ஆர்டர் தர முன்வந்தது. அதன் பெயரைச் சொல்ல யாருக்கும் நாக்கு வளையவில்லை. அதனால் வாங்குகிறவர் என்ற அர்த்தத்தில் எல்லாரும் ‘பையர்’ என்றார்கள். பையர் ரொம்ப மனசாட்சி உள்ள பையர். அவர்கள் சட்டையைத் தைக்கிறவர்கள் சந்தோஷமாக இருக்க வேண்டும். மண், மரம், தண்ணீர் எல்லாமும் சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறதா என்று வந்து பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. பார்த்து, மதிப்பெண்ணாக இலை போடும் பொறுப்பைப் பசுந்தளிரிடம் விட்டிருந்தார்கள். ஐந்து இலை வாங்கினால் அறமுள்ள கம்பெனி. நாலு என்றால் அறம் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மூன்றும் அதற்குக் கீழும் என்றால் ஆர்டர் கிடையாது.

முன்னறிவிப்பில்லாத திடீர்ச் சோதனைக்கு வருகிறோம் என்று ஒரு மாதம் முன்பே கடிதம் வந்தது. தேதி, நேரம், வருகிறவர்களில் எத்தனை பேர் சைவம், வெயில் என்றால் இளநீர் வேண்டும் என்பது உட்பட எல்லாம் அதில் விவரமாக இருந்தது.

அதுவரை ஆண்களுக்கு ஜெனரேட்டர் ரூம் பக்கத்தில் ஒரு தடுப்பு இருந்தது. பெண்கள் அறுபத்திரண்டு பேருக்கும் பின்பக்க மதிலில் ஒரு சின்னக் கதவும் அதற்கு அந்தப் பக்கம் வேலிக்காத்தான் புதரும் இருந்தன. முள் குத்தும், பாம்பு பயம் உண்டு, மழை நாளில் சேறு. இருந்தாலும் அவசரத்துக்கு ஒரு போக்கிடம். கடிதம் வந்த பத்தொன்பதாம் நாள், மேனேஜர் தட்சிணாமூர்த்தி முன்வாசலில் ரோஜா நிற டைல்ஸ் ஒட்டிய கழிவறை ஒன்றைக் கட்டி முடித்தார். கண்ணாடி, சோப்பு டப்பா, பிளாஸ்டிக் பூங்கொத்து, எல்லாம் உண்டு. கட்டி முடித்த அன்றே பூட்டி, சாவியை இடுப்பு பெல்ட்டில் கோத்துக்கொண்டார்.

சோதனைக்கு வந்தவர் ரேகா என்ற அதிகாரி. கைத்தறிக் குர்தா, சுடுமண் கம்மல், கையில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். நல்ல பெண்தான், எல்லாரையும் வாங்க போங்க என்றுதான் பேசினார். அவரிடம் இருநூற்றுப் பதினான்கு கேள்விகள் கொண்ட படிவம் இருந்தது. தீயணைப்பானின் நிறம் என்ன, வளாகத்தில் மீன் வளர்த்தால் மீன்களுக்கு மன அழுத்தம் உண்டா என்றெல்லாம் அதில் கேட்டிருந்தது. கழிவறையைத் திறந்து காட்டியதும் அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். உள்ளே போய் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். பதினொரு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு தொழிலாளர் கழிவறையைப் பார்த்ததில்லை என்று உருகினார். ஐந்து இலை போட்டார். அவர் மட்டும் அன்றைக்கு மூன்று தடவை மேனேஜர் ரூமோடு சேர்ந்த பாத்ரூமுக்குப் போய்வந்தார். மதிப்பிட வேண்டிய இடத்தை மதிப்பிடுகிறவரே பயன்படுத்துவது முறையல்லவாம்.

ரேகாவின் கார் கேட்டைத் தாண்டியதும் அமராவதி தட்சிணாமூர்த்தியிடம் போய்ச் சாவி கேட்டாள். கீரப்பாளையத்துப் பக்கமிருந்து கம்பெனி வேனில் வருகிறவள் அவள். முப்பத்தெட்டு வயது. கணவன் கொளஞ்சியப்பன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. மகள் இளவரசி சிதம்பரத்தில் நர்சிங் சேர்ந்திருந்தாள். எதையும் வளைக்கத் தெரியாமல் நேராகக் கேட்டுவிடுவது அமராவதியின் சுபாவம். கட்டியாயிற்று, காட்டியாயிற்று, இனிமேல் போகலாம்தானே என்று கேட்டாள்.

தட்சிணாமூர்த்தி கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார்.

“அமராவதி, நீ கோயிலுக்குப் போனா கர்ப்பகிரகத்துக்குள்ளயா போற? வெளிய நின்னு கும்புட்டுட்டு வந்துடுற இல்ல. அந்த மாதிரி நெனச்சிக்க. அது உங்களுக்குன்னு கட்டுனதுதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு ஆளு உள்ள போனா ஒரு கறை. அறுபத்திரண்டு பேரு போனா எத்தினி கறை? அடுத்த வருஷம் அந்தம்மா வந்து மோந்து பாக்கும். உங்க கக்கூஸுக்கு நீங்களே கெட்ட பேரு வாங்கித் தரலாமா?”

படிவத்தின் நாற்பத்தேழாவது கேள்வி, தொழிலாளர்கள் சார்பில் பயமில்லாமல் கேள்வி கேட்கும் பிரதிநிதி ஒருவர் இருக்கிறாரா என்பது. மறுநாளே அமராவதியைத் தொழிலாளர் பிரதிநிதி ஆக்கி, மார்பில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். கேள்வி கேட்பதற்கு ஆள் கிடைத்துவிட்டது. பதில் சொல்ல ஆள் இருக்கிறதா என்று படிவத்தில் எங்கேயும் கேட்கவில்லை.

பெண்கள் பழையபடி பின்கதவு வழியாகப் புதருக்கே போய்வந்தார்கள். அடுத்த வருஷம் அதுவும் போனது. பசுமைக்கு அரை இலை குறைகிறது, மரம் செடி ஏதாவது காட்டுங்கள் என்று பசுந்தளிர் கேட்டிருந்தது. தட்சிணாமூர்த்தி சுற்றுமுற்றும் பார்த்தார். கம்பெனியைச் சுற்றிப் பச்சையாக இருந்தது வேலிக்காத்தான் மட்டும்தான். அதைச் சுற்றி முள்கம்பி அடித்து, பின்கதவை ஆணி வைத்து அறைந்து, ‘உயிர்ப்பன்மைக் காப்பகம் – உள்ளே நுழையாதீர்’ என்று போர்டு வைத்தார். ரேகா வந்து கம்பிக்கு வெளியே நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார். மனிதர்கள் நடமாட்டம் நின்றதால் ஓணான்கள் திரும்பி வந்திருக்கின்றன என்று எழுதினார்.

ஓணான்களுக்கு இடம் கிடைத்தது. அறுபத்திரண்டு பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. காலையில் வீட்டில் ஒரு டீ, மத்தியானம் சோறு இறங்க ரெண்டு வாய், அவ்வளவுதான். ஹாலில் இருந்த இருபது லிட்டர் கேன் முன்பெல்லாம் ஒரு நாளைக்கு மூன்று தீரும். இப்போது ஒரு கேன் சாயங்காலம் வரை வந்தது. உதடு வெடித்தது, தலை வலித்தது, கால் வீங்கியது. பக்கத்து மெஷின் மாலதி, இருபத்தி நாலு வயசுப் பெண், மாதத்தில் அந்த மூன்று நாள் வந்தால் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே கிடந்தாள். ஆனால் அந்த வருஷமும் ஐந்து இலைதான்.

அமராவதி சும்மா இருக்கவில்லை. குறைதீர்ப்புப் பெட்டி என்று ஒன்று மாட்டியிருந்தார்கள். அதில் எழுதிப் போட்டாள். பெட்டியில் குறை விழுந்திருப்பது ஆரோக்கியமான சூழலுக்கு அடையாளம் என்று அதற்கும் முழு மதிப்பெண் கிடைத்தது. எழுதியவரின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்பதால் யாரும் அதைப் பிரித்துப் படிக்கவில்லை. கடைசியில் ரேகாவையே நேராகப் பிடித்து, கழிவறை பூட்டியே கிடக்கிறது, ஒருத்தியும் உள்ளே போனதில்லை என்று சொன்னாள். ரேகா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகத்தான் பேசினார்.

“அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வேலை, பாத்ரூம் இருக்கான்னு பாக்குறது. யார் போறாங்க, போகலன்னு நாங்க பாக்கக் கூடாது. அது உங்க பிரைவசி. பெண்களோட பிரைவசி விஷயத்துல எங்க ஆபீஸ் ரொம்ப கண்டிப்பு.”

அந்த ஆவணி மாதம் அமராவதிக்கு அடிவயிற்றில் எரிச்சல் கண்டது. பிறகு இடுப்பின் ஒரு பக்கம் வலி, பிறகு பல் கிட்டிக்கொள்ளும்படி குளிர்காய்ச்சல். சிதம்பரத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, தொற்று சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது என்றார். தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், வந்தால் ஒரு நிமிஷம்கூட அடக்கக் கூடாது, இன்னொரு தடவை வந்தால் கிட்னி தாங்காது என்று சொல்லி அனுப்பினார். மகள் இளவரசி மறுநாளிலிருந்து ரெண்டு பாட்டில் நிரப்பிக் கையில் கொடுத்தாள். சாயங்காலம் காலி பாட்டிலைப் பார்த்த பிறகுதான் தாயை உள்ளே விட்டாள். அமராவதி என்ன செய்வாள்? வேலையை விட்டால் மகள் படிப்பு நடுவில் நிற்கும். தண்ணீரைக் குடித்தால் போக இடமில்லை. தினமும் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த வேப்பங்கன்றில் ரெண்டு பாட்டிலையும் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அந்தக் கன்று மளமளவென்று வளர்ந்தது. தொழிலாளர்கள் தாங்களாகவே மரம் வளர்க்கிறார்கள் என்று அதற்கு ஒரு கால் இலை விழுந்தது.

மூன்றாம் சோதனையில் ரேகா ஓர் அதிசயத்தைக் கண்டுபிடித்தார். கேன் கணக்கை எடுத்து வகுத்துப் பார்த்ததில், இந்தக் கம்பெனியில் ஒரு தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு முந்நூற்று இருபது மில்லி தண்ணீர்தான் செலவாகிறது. பையருக்குத் துணி தைக்கும் எந்த நாட்டிலும் இவ்வளவு குறைவு இல்லை. கழிவுநீர் வெளியேற்றம் பூஜ்யம். சுத்தமும் இருக்கிறது, சிக்கனமும் இருக்கிறது. பையர் தரப்பில் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள் என்று கேள்வி. விருது கொடுக்க இங்கிரிட் என்ற வெள்ளைக்கார அம்மாள் நேரில் வருவதாகவும், 2010 மார்ச் எட்டாம் தேதி மகளிர் தினத்தன்றே விழா என்றும் முடிவாயிற்று.

விழா மேடையைக் கழிவறைக்குப் பக்கத்திலேயே போட்டார்கள். கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன், வாழைமரம், மாவிலைத் தோரணம். பெண்கள் எல்லாருக்கும் இலைப் படம் போட்ட பச்சை ஏப்ரன் கொடுத்து வெயிலில் ஜமக்காளத்தில் உட்கார வைத்தார்கள். தொழிலாளர் பிரதிநிதி என்பதால் அமராவதிக்கு மேடையில் இடம். கையில் தட்சிணாமூர்த்தி எழுதிக் கொடுத்த ஒரு பக்கப் பேச்சு.

முந்தின நாள் அவளுக்குப் பழைய காய்ச்சல் மறுபடி காட்டியிருந்தது. இளவரசி காலையில் வேன் ஏறும் இடம்வரை கூட வந்து, எதிரில் நின்று ரெண்டு பாட்டிலையும் குடிக்க வைத்தாள். குடிக்கும்போதே மகள் கண்ணில் தண்ணீர் நின்றது. அதற்கு மேல் அமராவதியால் மறுக்க முடியவில்லை.

பத்தரைக்குத் தொடங்க வேண்டிய விழா பன்னிரண்டுக்குத் தொடங்கியது. அமராவதி அதற்குள் ரெண்டு தடவை தட்சிணாமூர்த்தியிடம் போய்ச் சாவியைக் கேட்டுவிட்டாள். இன்னும் கொஞ்ச நேரம்தான், அந்தம்மா ரிப்பன் வெட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும், இத்தனை நாள் இருந்தாயே என்று அவர் கெஞ்சினார். அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மேடையில் வந்து காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ரேகா பெண்களின் கண்ணியம் பற்றி இருபத்தைந்து நிமிஷம் பேசினார். நடுவில் நாலு தடவை தண்ணீர் குடித்தார். பிறகு முதலாளி ராஜமாணிக்கம் எழுந்தார்.

“இந்தப் புள்ளைங்கள நான் மனசாரப் பாராட்டுறேன். மத்த கம்பெனியில பாருங்க, அது வேணும் இது வேணும்னு நிப்பாங்க. என் புள்ளைங்க தண்ணிகூட கேட்டதில்ல. வேலை நேரத்துல ஒருத்தி எழுந்து வெளிய போனது இல்ல. நாங்க ஒண்ணும் கண்டிக்கல, அதுங்களுக்கே அந்த ஒழுக்கம் வந்துடுச்சி. எங்க கழிவறைக்கு ஃபினாயில் செலவே கிடையாதுன்னா பாத்துக்குங்க.”

கைதட்டல் அடங்கப் பார்த்து, அமராவதியை மைக்குக்குக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து நின்றாள். பேப்பரை விரித்து, மதிப்புக்குரிய என்று தொடங்கினாள். அதற்குமேல் உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. புடவை நனைந்து, பாதம் நனைந்து, மேடைப் பலகையில் ஓடி, முன்வரிசை நாற்காலிகளின் பக்கம் போனது. அறுபத்தொரு பெண்களும் பார்த்தார்கள். கட்டிங் மாஸ்டர்களும் வேன் டிரைவரும் பார்த்தார்கள். பெற்ற மகளுக்கு முன்னால்கூடக் கூசுகிறவள், அத்தனை பேர் முன்னால் நின்றாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. பேப்பரை மடித்தாள்.

“ரெண்டு வருஷமா சாவி கேக்குறேன்,” என்றாள் மைக்கில். “இவரு பெல்ட்டுலதான் இருக்கு.”

இங்கிரிட் அம்மாள் என்ன ஆயிற்று என்று ரேகாவிடம் கேட்டார். சந்தோஷத்தில் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள் என்று ரேகா சொன்னார். சொல்லிக்கொண்டே, பழக்க தோஷம், படிவத்தை எடுத்து எழுதினார்: மேடைத் தரை ஈரம், வழுக்கும் அபாயம், அரை இலை குறைவு. தட்சிணாமூர்த்தி வேஸ்ட் துணியை அள்ளிக்கொண்டு ஓடிவந்து தரையைத் துடைத்தார். அமராவதிக்குத் துடைத்துக்கொள்ள ஒரு துண்டு கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்போது ஜமக்காளத்திலிருந்து மாலதி எழுந்தாள். மேடைக்கு வந்து தன் ஏப்ரனை அவிழ்த்து அமராவதியின் இடுப்பில் சுற்றிக் கட்டினாள். பிறகு போய் ரிப்பன் கட்டிய கதவுக்கு முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி நின்றாள். கோஷம் கூச்சல் ஒன்றும் இல்லை. கம்பெனியில் எதற்கும் வரிசையில் நின்று பழகினவர்கள், அப்படியே வரிசையில் நின்றார்கள். வரிசை வாழைமரத்தைத் தாண்டி கேட் வரைக்கும் போனது. இங்கிரிட் அம்மாள் இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து ரெண்டு தடவை கை தட்டினார். ஒருத்தி முகத்திலும் சிரிப்பு இல்லாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வெள்ளைக்கார அம்மாள் பார்க்கிறாள் என்ற ஒரே பயத்தில் ராஜமாணிக்கம் கண்ணைக் காட்ட, தட்சிணாமூர்த்தி பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றினார்.

முதல் ஆள் வெளியே வந்தபோதுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. அந்தக் கழிவறைக்குத் தண்ணீர்க் குழாயே இணைக்கவில்லை. குழாய் இருந்தது, திருகினால் காற்று வந்தது. இருநூற்றுப் பதினான்கு கேள்வியில் ஒன்றுகூட அதைக் கேட்டிருக்கவில்லை. பெண்கள் கைமாற்றிக் கைமாற்றி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். வரிசை முடிய ரெண்டு மணி நேரம் ஆனது. ரோஜா நிற டைல்ஸ் முழுக்கச் சேற்றுக் கால்தடம்.

பதினைந்து நாளில் அறிக்கை வந்தது. கழிவறையில் பயன்படுத்தப்பட்டதற்கான அடையாளங்கள் தென்படுவதால் ஐந்து இலை ரெண்டாகக் குறைந்தது. தண்ணீர்ச் செலவு ஒரே நாளில் எட்டு மடங்கு ஏறியதால் சிக்கனத்தில் ஒன்றும் இல்லை. வேப்பங்கன்றுக்கு விழுந்த கால் இலை மட்டும் குறையவில்லை. மொத்தம் ரெண்டே கால் இலை. எங்கள் விழுமியங்களும் உங்கள் விழுமியங்களும் வேறு வேறு வழியில் போகின்றன என்று பையரிடமிருந்து வருத்தம் தோய்ந்த கடிதம் வந்தது. ஆர்டர் போயிற்று. பாதிப் பெண்களுக்கு வேலை போயிற்று, மாலதிக்கும்தான். அவர்களில் சிலர் அமராவதியைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அது அவளுக்கு மேடையில் நின்றதைவிட வலித்தது.

கம்பெனி பழையபடி நைட்டி தைக்கத் தொடங்கியது. சோதனைக்கு வர ஆளில்லை என்றானதும் கழிவறையைப் பூட்டி வைக்க யாருக்கும் அக்கறை இல்லை. தட்சிணாமூர்த்தியே ஒரு பிளம்பரைக் கூட்டிவந்து குழாயை இணைத்தார். இப்போது அங்கே டைல்ஸ் ரெண்டு பெயர்ந்துவிட்டது, சோப்பு டப்பா காணாமல் போனது, மழைக்காலத்தில் நாற்றமும் உண்டு. அமராவதி ஒரு நாளைக்கு நாலு தடவை போனாள். மூன்று லிட்டர் தண்ணீரையும் ஒரு சொட்டு வேப்பங்கன்றுக்கு விடாமல் தானே குடித்தாள். காய்ச்சல் மறுபடி வரவில்லை.

அடுத்த சித்திரையில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் மாலதியைப் பார்த்தாள். கத்திரி வெயில், தார் உருகிக்கொண்டிருந்தது. மாலதி இளைத்திருந்தாள். கம்மாபுரம் போகும் வழியில் புதிதாகத் திறந்த கம்பெனியில் வேலை என்றாள். பழைய பையர்தான், ஐந்து இலையாம். மத்தியான ஷிப்டுக்கு வேனுக்காக நிற்கிறாளாம். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, நன்றாகத்தான் பேசினாள்.

“அங்க பாத்ரூம்லாம் எப்பிடிடீ இருக்கு?” என்று கேட்டாள் அமராவதி.

“பளபளன்னு இருக்குக்கா. தரையில முகம் தெரியும்.”

அமராவதி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து அவளிடம் நீட்டினாள். வெடித்திருந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு மாலதி அந்தப் பாட்டிலையே பார்த்தாள்.

“வேணாங்க்கா,” என்றாள். “வேலைக்குப் போறேன்.”